இரண்டாவது லாரி

எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரியை வரவழைக்கும் வேலையை ஒரு மனிதரிடமிருந்து எடுத்து ஒரு கணினி நிரலிடம் ஒப்படைத்தவன் நான். அந்த நிரல் செய்த பிழைக்கு அந்த மனிதர் திருடன் என்று பெயர் வாங்கினார். வேலை போயிற்று. குடியிருந்த அறை போயிற்று. அவருடைய மனைவியே அவரைத் திருடன் என்று நம்பினாள். அவளை அப்படி நம்பவைத்தது நிரல் இல்லை, நான்.

இதை வாயால் சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லிவிட்டேன். எழுத்திலும் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் இதே துறையைப் பற்றி இதற்கு முன் நான் எழுதிய கட்டுரைகளில் நான் மிகவும் கெட்டிக்காரனாகத் தெரிவேன்.

வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஃபிளாட். ஏரி பக்கத்திலேயே இருந்தும் கோடையில் எங்கள் போர்வெல் காற்றைத்தான் இறைக்கும். பூந்தமல்லிக்கு அப்பால் யாருடைய கிணற்றிலிருந்தோ லாரியில் வரும் தண்ணீரில்தான் குளியல், சமையல் எல்லாம்.

நிலத்தடித் தொட்டியான சம்பில் தண்ணீர் குறைந்தால் லாரியைக் கூப்பிடுவது வாட்ச்மேனின் பொறுப்பு. அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், பட்டறை மூடியதும் எங்கள் கேட்டுக்கு வந்தார். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியுடன் குடியிருந்தார். அவள் சில ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை பார்த்தாள், என் வீட்டிலும். பிள்ளைகள் இல்லை. அவர் சம்ப் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், "இன்னா மாமே, உள்ள படம் ஓடுதா?" என்று அவள் மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். "ஓடுது, வில்லி வேஷத்துக்கு ஆள் இல்லியாம், வந்து குதி" என்பார் இவர்.

ஒரு பங்குனி மாதம் அவர் லாரியைக் கூப்பிட மறந்துவிட்டார். காலையில் குழாய்களில் தண்ணீர் இல்லை. எங்கள் ஃபிளாட்டுகளில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து ஐ.டி. வேலை பார்க்கும் இளம் தம்பதிகள். தலையில் ஷாம்பு நுரையோடு ஒருவர் பால்கனியில் நின்று கத்தினார். சங்கச் செயலாளர் ஒரு பெண், திருநெல்வேலிக்காரர், அவரும் ஐ.டி.தான். அவர் என்னிடம் வந்து, "அங்கிள், இத ஆட்டோமேட் பண்ண முடியாதா? ஒங்க சப்ஜெக்ட்தான?" என்றார்.

என் சப்ஜெக்ட்தான். கடைசிப் பத்தாண்டுகள் நான் ஆராய்ந்தது 'சர்வர்லெஸ்' என்னும் கணினிமுறையை. சர்வரே கிடையாது என்று அதற்குப் பொருளில்லை. சர்வர் எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் கூடத்தில் இருக்கிறது, அதைக் கட்டிக் காக்கும் கவலை நமக்கு இல்லை, அவ்வளவுதான். நம் நிரலைச் சிறு துண்டாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது அங்கே தூங்கும். ஏதாவது நடந்தால் எழுப்புவார்கள். எழுந்து, வேலையை முடித்து, மறுபடி தூங்கிவிடும். விழித்திருந்த நேரத்துக்கு மட்டும் கூலி. இரண்டு நாளைக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிடும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

அந்த முறையில் தீராத சிக்கல்களும் உண்டு. அவற்றை ஆராய்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. வெகுநேரம் தூங்கிய துண்டு எழுந்திருக்கச் சோம்பும், முதல் அழைப்புக்குத் தாமதமாகவே பதில் சொல்லும். நேற்று என்ன செய்தோம் என்பது அதற்கு நினைவிருக்காது. பல துண்டுகள் ஒன்றையொன்று கூப்பிட்டுச் செய்யும் வேலையில் எங்கே தவறு நடந்தது என்று பின்னால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக இது: குறித்த நேரத்துக்குள் 'முடித்துவிட்டேன்' என்று பதில் வராவிட்டால், அதை நடத்தும் நிறுவனத்தின் ஏற்பாடு 'இது தோற்றுவிட்டது' என்று முடிவுகட்டி, அதே வேலையை மறுபடி ஓட்டும். முதல் ஓட்டத்தில் பாதி வேலை நடந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. ஒரு வேலை ஒருமுறையாவது நடக்கும் என்று உத்தரவாதம் தருவார்கள். ஒரே முறைதான் நடக்கும் என்று தரமாட்டார்கள்.

இந்தக் கடைசிச் சிக்கல்தான் நான் கட்டுரைகள் எழுதிய சிக்கல். இரண்டு முறை செய்தாலும் ஒருமுறை செய்ததற்குச் சமமாகும்படி நிரலை எழுதுங்கள் என்று வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அமுக்கினால் இரண்டு லிஃப்டா வருகிறது என்று கேட்டுச் சிரிக்கவைப்பேன்.

சம்பில் ஒரு மிதவை சென்சாரைப் பொருத்தினேன். தண்ணீர் குறைந்தால் அது செய்தி அனுப்பும், என் நிரல் விழித்து, தொலைபேசிச் சேவை ஒன்றின் வழியாக லாரிக்காரருக்கு மணி அடிக்கும். லாரிக்காரரின் எண்ணைக் கேட்க வாட்ச்மேனிடம் போனேன்.

"இன்னா சார், இனிமே நான் ரிங் குடுக்க வேணாமா?" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. நிம்மதிதான் தெரிந்தது.

"வேண்டாம். அதுவே கூப்பிட்டுக்கும்."

"பேசுமா?"

"எதுக்குப் பேசணும்? நீங்க என்ன பேசறீங்களா?"

"நானும் பேச மாட்டேன் சார். ரிங்கு மட்டும் வுடுவேன், அவரு கட் பண்ணிடுவாரு. ஆனா சார், அதுல ஒரு முறை கீது…"

"நம்பர மட்டும் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

எண்ணைச் சொன்னார். அந்த முறை என்ன என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை நிற்கிறது. அரை நிமிடப் பேச்சு அது. எனக்கு வேறு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

நிரல் இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். லாரிக்காரரின் போன் இரண்டு தடவை அடிக்கும். அடித்தால் என்ன? முதல் மணியைக் கவனிக்காதவர் இரண்டாவதைக் கவனிப்பார். கேடில்லை, நல்லதுதான். லிஃப்ட் பொத்தான் மாதிரி. அப்படி முடிவுசெய்து, ஏற்கெனவே கூப்பிட்டாயிற்றா என்று சரிபார்க்கும் வரிகளை எழுதாமல் விட்டேன்.

அந்த வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. லிஃப்டில் பார்ப்பவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள். அடுத்த கோடையில் ஒருநாள் ஒரு லாரி வந்து தண்ணீரை இறக்கிவிட்டுப் போன சற்று நேரத்தில் இன்னொரு லாரி வந்து நின்றது. சம்ப் நிரம்பியிருந்தது. தண்ணீரைத் திருப்பி எடுத்துப் போக முடியாது என்று டிரைவர் பிடிவாதம் பிடித்ததில் அதைச் செடிகளுக்கும் தெருவுக்கும் விட்டோம். பணம் கொடுக்கவேண்டியதாயிற்று. பிறகு மறுபடியும் அப்படி நடந்தது. பிறகு மறுபடியும்.

செயலாளர் லாரிக்காரரைப் போனில் பிடித்தார். கோடையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. "ரெண்டு லோடு கேட்டீங்க, அனுப்புனேன், அவ்ளோதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் கேட்டது, எப்படிக் கேட்டது என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டியவன் நான்.

லாரிக்காரர்கள் லோடுக்கு ஏதோ கொஞ்சம் வாட்ச்மேன்களுக்குக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் எல்லோருடைய மனமும் ஒரே பக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. வாட்ச்மேன் தூணருகில் நின்றார்.

"மெய்யாலுமே நான் கூப்புடல. இந்தா என் போனு, யாரு வேணா பாத்துக்கோங்க" என்று போனை நீட்டினார்.

"கால டெலீட் பண்ண எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் ஒருவர்.

"எனக்கு பட்டன் அமுக்கி பேசத்தான் சார் தெரியும். அழிக்கல்லாம் தெரிஞ்சா நான் ஏன் உன் கேட்டாண்ட குந்திகினு கீறேன், உன் ஆபீஸுக்கே வந்துட்டு இருப்பேனே."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷயம் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது என்றுதான் நினைக்கிறேன். அப்போது செயலாளர் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், சிஸ்டம் ரெண்டு தடவ கூப்பிட வாய்ப்பு இருக்கா?"

நான் மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தேன். அந்த நாட்களின் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் 'தோல்வி, நேரம் கடந்தது'. அடுத்ததில் 'வெற்றி'. தோற்ற வரியைப் பார்த்தேன், தோற்றதுதானே என்று தள்ளினேன். வெற்றி ஒன்றுதான், ஆகவே அழைப்பும் ஒன்றுதான். தோற்ற ஓட்டம் என்றால் ஒன்றும் செய்யாத ஓட்டம் என்று பொருளில்லை என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். கார் நிறுத்துமிடத்தில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் நிரல் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது, அதை நான் மறந்தேன். மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

"இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் ஒரே கால்தான் போயிருக்கு" என்றேன்.

வாட்ச்மேன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரக் கடைசிக்குள் அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

மறுநாள் அவர் மனைவி என் வீட்டுக்கு வழக்கம்போல வேலைக்கு வந்தாள். துடைப்பத்தைக் கையில் எடுக்காமல் கதவருகிலேயே நின்றாள்.

"சார், ஒண்ணு கேப்பேன். மெய்யாலுமே அந்தாளு துட்டு வாங்கிச்சா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்."

"மெசினு ஒரு தபாதான் கூப்ட்டுச்சுன்னு நீ சொன்னியாமே."

"ஆமா."

"மெசினு தப்பா சொல்லாதா சார்? இத்தினி வருசத்துல என்னாண்ட ஒரு பொய் சொன்னதில்ல அது. குடிச்சாக்கூட குடிச்சேன்னு சொல்லிடும்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு டெம்போவில் சாமான்களை ஏற்றினார்கள். அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பின்னால் பாத்திரங்களோடு ஏறிக்கொண்டாள். முன்னால் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது.

புது வாட்ச்மேன் தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் வந்து சேர்ந்தார். அவரிடம் லாரிக்காரரின் எண்ணே கிடையாது. அப்படி இருக்க, மே மாதத்தில் ஒருநாள் மதியம் மறுபடி இரண்டாவது லாரி வந்தது. கீழே நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

"யார் உங்கள வரச்சொன்னது?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"இன்னா பெர்சு, நீங்கதான ஓனருக்கு ரிங்கு வுட்டீங்க. ரெண்டு ரிங்கு."

"முதல் ரிங் கேக்கலைன்னு ரெண்டாவது ரிங் அடிச்சிருந்தா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. "கேக்கலைன்னா இன்னா, போன்ல மிஸ்டு காலு நிக்கும்ல? ஒரு ரிங்குன்னா ஒரு வண்டி. ரெண்டுன்னா ரெண்டு. ஓனரும்தான் வண்டி ஓட்டுறாரு, எவன் எடுத்துப் பேசுறது? இந்தப் பக்கம் எல்லா கேட்டுலயும் இதான் முறை. உங்க பழைய வாச்மேனு கரீட்டா வுடுவாரே."

அவன் போன பிறகு மாடிக்கு வந்து பதிவுகளைத் திறந்தேன். இரண்டு நாள் தூங்கிய நிரல் மெதுவாக எழுந்திருக்கிறது. தொலைபேசிச் சேவையை மணி அடிக்கச் சொல்லியிருக்கிறது. மணியும் அடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சேவை பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து, 'தோல்வி' என்று குறிக்கப்பட்டு, மறுபடி எழுப்பப்பட்டு, மறுபடி மணி அடித்திருக்கிறது. லாரிக்காரரின் போனில் இரண்டு மிஸ்டு கால்கள். எங்கள் ஊரில் அதற்கு இரண்டு லாரி என்று அர்த்தம். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே நிரலைத் திருத்தினேன். அழைத்துவிட்டேன் என்று ஓரிடத்தில் குறித்துவைத்து, அடுத்த முறை அதைப் பார்த்துவிட்டு அழைக்கும்படி சில வரிகள். அதற்குப் பிறகு இரண்டாவது லாரி வரவேயில்லை. அன்று வந்த லாரிக்கு நானே என் கையிலிருந்து கொடுத்துவிட்டிருந்தேன். செயலாளரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. வேறு வேலை கிடைத்திருக்கும். முடிந்துபோனதைக் கிளறி என்ன. உண்மைக் காரணம் ஒன்றுதான். லிஃப்டில் கிடைத்த வணக்கங்கள். அவற்றை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வயதானவனுக்குக் கிடைக்கும் மரியாதைகள் கொஞ்சம், அதனால் அவன் அவற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறான். இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறேன்.

மழைக்காலம் தொடங்கும் சமயம் என் பழைய கல்லூரியில் உரையாற்றக் கூப்பிட்டார்கள். தலைப்பு, சர்வர்லெஸ் முறையில் இன்னும் தீராத ஆராய்ச்சிச் சிக்கல்கள். போனேன். தூங்கி எழும் தாமதத்தைக் குறைக்க, எப்போது கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும் வழிகளைப் பற்றிப் பேசினேன். நினைவில்லாத துண்டுகளுக்கு நினைவைத் தருவது பற்றிப் பேசினேன். ஒரு நிறுவனத்தின் வீட்டில் குடியேறிவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவது எவ்வளவு கடினம் என்று பேசினேன். மறுஓட்டத்தைப் பற்றிப் பேசும் இடம் வந்ததும், கூட்டம் தூங்கிவிடக்கூடாதே என்று, "ஒரு அபார்ட்மெண்ட்ல நடந்தது" என்று லாரிக் கதையை எடுத்துவிட்டேன். ஒரு லாரி, பின்னால் இன்னொரு லாரி, தெருவெல்லாம் தண்ணீர், கடைசியில் வாட்ச்மேன் மேல் சந்தேகம். அரங்கம் குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு விரிவுரையாளர் எழுந்தார். நடுத்தர வயதுப் பெண். நிரலைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த வாட்ச்மேன் என்ன ஆனார் சார்?"

"வேலைய விட்டுப் போயிட்டார்."

"தப்பு அவர் மேல இல்லைன்னு தெரிஞ்ச பிறகு?"

"அவருக்குச் சொன்னாங்களான்னு எனக்குத் தெரியல" என்றேன்.

'சொன்னாங்களா' என்றேன். பன்மையில், யாரோ வேறு ஆட்களைப் போல. அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையோடு வீடு திரும்பும்போதுதான் என்னால் இனி இதைத் தாங்க முடியாது என்று தெரிந்தது.

லாரி டிரைவரிடம் விசாரித்தேன். பழைய வாட்ச்மேன் மாங்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போனேன். காலியான மைதானத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணி இரண்டு முறை அடித்தது. அடித்தது என் நிரல். மே மாதமே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப அது நீ சார்" என்றார்.

"நான்தான்."

"நான் நெனச்சுகினு கீறேன், எவனோ என் போன எடுத்து வெளாடிட்டான்னு. தூங்கும்போதுகூட போன இடுப்புல சொருகிகினு தூங்குறேன் இப்ப." இடுப்பிலிருந்த போனைத் தொட்டுக் காட்டினார். "மே மாசமே தெரியுமா?"

"தெரியும்."

"நீ படிச்சவன் சார். எனக்கு வேலை போனா இன்னொரு கேட்டு. அத்த வுடு. ஆனா ஊட்ல அவ என்னாண்ட சரியா பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? சோறு போடுவா. துணி தொவைப்பா. பேச மாட்டா. நான் எடுத்தேன்னு கூட அவளுக்கு கோவம் இல்ல. அவளாண்ட மறைச்சேன்னு கோவம். 'சாரே சொல்லிட்டாரு'ன்னுவா. நான் சத்தியம் பண்ணாலும் 'சாரே சொல்லிட்டாரு'."

"நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன். இப்பவே வரேன்."

"மொதல்ல கூட்டத்துல சொல்லு. அங்க சொன்னத அங்கியே எடு. அப்பால இங்க வா. இல்லாங்காட்டி, நான் ஏதோ உன் கால்ல வுயுந்து சொல்ல வெச்சேன்னு நெனப்பா."

செயலாளரிடம் போனேன். நல்ல பெண் அவர், கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் என்னைக் காப்பாற்றவும் நினைத்தார். "அங்கிள், நீங்க மீட்டிங்ல பேச வேண்டாம். 'டெக்னிக்கல் இஷ்யூ, வாட்ச்மேன் மேல தப்பில்ல'ன்னு குரூப்ல நானே போட்டுடுதேன். ஒங்க பேரு எதுக்கு?"

ஒரு நிமிடம் அது எவ்வளவு நல்ல வழியாகத் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு, "கூட்டம் போடும்மா" என்றேன்.

அதே இடம், அதே நாற்காலிகள். வாட்ச்மேன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். இந்தமுறை அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. நிரல் தவறு செய்தது என்று நான் தொடங்கவில்லை. நான் தவறு செய்தேன் என்று தொடங்கினேன். கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை, பார்த்ததைச் சரியாகப் படிக்கவில்லை, தெரிந்தபிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. போனில் காலை அழிப்பதைப் பற்றி அன்று கேட்டவர் எழுந்து வாட்ச்மேனிடம் போய், "சாரிண்ணா" என்றார். இவர் அவர் தோளைத் தட்டி, "வுடு நைனா, நான் இருந்தாலும் அத்தத்தான் கேட்டுட்டு இருப்பேன்" என்றார்.

திரும்ப வேலைக்கு வந்துவிடச் சொன்னார்கள். அவர் மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"கொழந்தைங்க இங்க ஸ்கூல்ல சேந்துட்டாங்கல்ல? அவன இன்னாத்துக்கு கெளப்பணும். அவன் இன்னா பண்ணான்?" என்றார். "எனக்கு ஒரு லெட்டர் குடுங்க, நான் எடுக்கலைன்னு. அது போதும்."

செயலாளர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாட்ச்மேனும் நானும் பஸ்ஸில் மாங்காடு போனோம். டிக்கெட் எடுக்க நான் கையை நீட்டியபோது என் கையைத் தள்ளிவிட்டு அவரே எடுத்தார்.

கோயிலுக்குப் பின்னால் குறுகலான தெரு. ஒரு மெஸ்ஸில் வேலை முடிந்து அவள் அப்போதுதான் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா சார்" என்றாள். உட்கார ஸ்டூலைத் தள்ளினாள். நான் உட்காரவில்லை. அவளுக்குப் புரியும்படி, என்னைக் காப்பாற்றும் ஒரு சொல்லும் சேர்க்காமல், நடந்ததைச் சொன்னேன். அன்று அவள் கேட்டபோது நான் சொன்ன பதில் பொய் என்றும் சொன்னேன். எனக்கே தெரியாத விஷயத்தைத் தெரிந்தமாதிரி சொன்னேன், அதனால் அது பொய்தான்.

கடிதத்தை அவர் நீட்டினார். அவள் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் உன்னாண்ட வந்து கேட்டேன் சார்."

"ஆமாம்மா."

"இந்தாளாண்ட கேக்கல. இவ்ளோ வருசம் கூட குடுத்தனம் பண்ண ஆளு. ஊட்டாண்ட குந்திகினு இருந்துச்சு. அத்த கேக்காம உன்னாண்ட வந்து கேட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ கெளம்பு சார்" என்றாள். குரலில் வெறுப்பு இல்லை. களைப்புத்தான் இருந்தது. "இருட்டப்போவுது. பஸ்ஸு கிடைக்காது. நாங்க பேசிக்கணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நாலு வீடு தாண்டுவதற்குள் அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது. "ஏன்யா, ஒருத்தன் பொய்யா சொன்னா மூஞ்சிக்கு நேரா கத்த மாட்டியா நீ? தரையப் பாத்துகினு நின்னியாமே!" அதற்கு அவர், "கத்துனா நீ நம்பிட்டு இருப்பியா?" என்று பதிலுக்குக் கத்தினார். அவள் ஏதோ சொன்னாள். இவர் அதற்கும் சொன்னார். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சண்டை முடிகிற மாதிரித் தெரியவில்லை. நான் மெதுவாக நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன்.